சொல்லிடாதீங்க

அன்று கல்லூரி முதல்வர் என் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு வீட்டுக்கு. போன முறை வந்தபோது, "நீங்களே பேசித் தீர்த்துட்டீங்க, அவங்க எப்பம்மா கத்துக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயம்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதனால் இம்முறை ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்களைக் குழுக்களாக உட்கார வைத்து, பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். கால் பாகத்தைவிட மூன்றில் ஒரு பாகம் பெரிது என்பதைக் குழந்தைக்கு எப்படிக் காட்டுவீர்கள்? தாளும் கத்தரியும் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

அங்கிருந்த குழுவில்தான் தலையாட்டி இருந்தாள். யார் எது சொன்னாலும் சரியென்று தலையாட்டுவதால் கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர். அவர்கள் வெட்டியிருந்ததைப் பார்த்தேன். கால் பாகத்துக்குப் பெரிய தாள், மூன்றில் ஒன்றுக்குச் சின்னத் தாள். கால்தான் பெரிதாக வந்திருந்தது. எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"மேடம், எங்க தப்பு?" என்றான் ஒருவன்.

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நீங்களே பாருங்க" என்றேன். தப்பைப் பார்த்தும் திருத்தாதவள் என்று முதல்வர் எழுதிவிட்டால் முடிந்தது கதை.

அவருக்கே பொறுக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "இங்க பாருங்க, நீங்க எடுத்த தாளே..." என்று ஆரம்பித்தார்.

"சார், சொல்லிடாதீங்க" என்றாள் தலையாட்டி. "இன்னும் யோசிச்சிட்டிருக்கோம்."

போச்சு, என் வேலை போயே போச்சு என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லலாமா என்று வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். முதல்வர் அசையாமல் நின்றார். தலையாட்டி மிச்சத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள்.

"ஒரே அளவு தாள் எடுக்கலையே நாம" என்றாள். "பிள்ளைங்களும் இப்படித்தான் எடுப்பாங்க. எடுக்க விட்டுட்டுதான் கேக்கணும்."

வகுப்பு முடிந்ததும் முதல்வர் என்னை வாசலில் நிறுத்தினார். "என்னையே அடக்கிட்டாளே அந்தப் பொண்ணு. நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல சார்."

"அப்போ சரி. நிரந்தரம் பண்ணிடலாம்."

அவர் போனதும் தலையாட்டி வெளிறிப்போய் ஓடி வந்தாள். "மேடம், நான் அப்படிப் பேசினது தப்பா?"

வாய் நிறையப் பதில் இருந்தது எனக்கு. "நீ என்ன நினைக்கிற?" என்றேன்.

வெகுநேரம் யோசித்தாள். பிறகு முதல் தடவையாக அவள் தலை, இல்லை என்று ஆடியது.