காளியாத்தாள் கேட்ட ஊர்

ஆசீர்வாதம் உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. மல்லசமுத்திரத்துக்கு அப்பால், புஞ்சைக்காடுகளுக்கு நடுவில் இருந்தது அந்த ஓட்டு ஜெபக்கூடம். வெளியே வண்டிப்பாதையில் மாரியம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுத்துப் போகிறவர்களின் மேளம் கடந்துகொண்டிருந்தது. உள்ளே, முக்காடிட்டு மண்டியிட்டிருந்த பெண்களுக்கு நடுவே அவருடைய மனைவி கிருபையம்மாள் எழுந்து நின்று, வெளியே போகிற கூட்டத்தோடு சேர்ந்து குலவை போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. யாரோ ஒருத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, "சாமி போவுது, எந்திரிங்கடி," என்றாள். உபதேசியார் கண்ணைத் திறந்தார். சபையார் தலை குனிந்தபடியே காத்திருந்தார்கள். பாதி ஜெபத்திலேயே ஆமென் சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் அவள். பிள்ளை பிறந்த வீடானாலும் இழவு வீடானாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து வேதம் வாசித்தவள். இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயிருந்தது. முதலில் பாட்டுகளின் அடிகள் மறந்தன. பிறகு தெரிந்தவர்களின் முகங்கள். பிறகு அவருடைய முகம். ஏழெட்டு வயதுக்குப் பிந்திய எதுவும் அவளிடம் மிச்சமில்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தில் அவளைப் பெற்றவள் காவிரிக்கரை ஊரிலிருந்து நடத்தியே கூட்டிவந்து, மிஷன்காரர்கள் வைத்திருந்த கஞ்சித்தொட்டி வாசலில் உட்காரவைத்து, "சித்த இரு சாமி, வாரேன்," என்று சொல்லிப் போனாள். திரும்பி வரவில்லை. அன்றைக்கு அந்தச் சிறுமியின் பெயர் காளியாத்தாள். இப்போது கிருபை என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை, காளியாத்தா என்றால் உடனே ஏனுங்க என்கிறாள். பொழுது சாய்கிறபோதெல்லாம் வாசலில் போய் நின்றுகொண்டு, "எங்காத்தா இன்னும் வரலீங்களே. எங்கூட்டுக்குப் போகோணும்," என்று அழுவாள்.

குலவைச் செய்தி சேலத்துக்கு எட்டி, அந்த வாரமே போதகர் வந்தார். உபதேசியாரின் மகன் வயதிருக்கும். நல்ல மனிதர்தான். உட்கார்ந்து நெடுநேரம் நலம் விசாரித்தபிறகுதான் வந்த காரியத்தைத் தொட்டார்.

"அம்மாவை ஆராதனை நேரத்துல வீட்டுலயே வச்சுக்கிட்டா நல்லதுங்க ஐயா. உங்களுக்கும் வயசாச்சு. புதுசா ஒருத்தர் வரட்டும். நீங்க எதுக்கும் கலங்காதீங்க. ஒரு நாளைக்கூட வீணாக்காம கர்த்தருக்குக் கொடுத்த காலம் உங்களோடது."

அந்தக் கடைசிச் சொல்தான் உள்ளே போய்க் குத்தியது. போதகரின் வண்டி போனபிறகும் உபதேசியார் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த நாட்களில் திங்கட்கிழமை விடியலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் சனிக்கிழமைதான் வீடு திரும்புவார். போகிற காலம் திரும்பாது, அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எத்தனையோ மரத்தடிகளில் நின்று சொல்லியிருக்கிறார். வீட்டில் சும்மா உட்கார்ந்து அவளோடு பேசுகிற நேரம் ஆண்டவரிடமிருந்து திருடுகிற நேரமென்றே நம்பினார். தன்னைப் பெற்றவளின் ஊரை ஒருதரம் பார்க்க வேண்டுமென்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றார். மேட்டூரில் அணை எழும்பி, ஆற்றங்கரை ஊர்களையெல்லாம் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மறுபடி கேட்டாள். "தண்ணி வாரதுக்குள்ள ஒருக்கா போயிட்டு வந்தறலாமுங்களா?" அந்த வாரம் ஒரு சேரியில் ஞானஸ்நானம் இருந்தது. அடுத்த வாரம் வேறொன்று. அதற்குப்பிறகு அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதை அவர் கவனிக்கவுமில்லை.

அன்று மாலை அவளைப் பாயில் உட்காரவைத்து எதிரில் மண்டியிட்டார். எத்தனையோ பேருடைய சாவுப் படுக்கையில் குனிந்து, கடைசி மூச்சில் இரட்சகரின் பெயரைச் சொல்லவைத்தவர் அவர். இவள் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போவாள்? அங்கே இவளை எந்தப் பெயரால் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டால் இவள் திரும்புவாளா?

"இயேசுவேன்னு சொல்லு. ஒருதரம் சொல்லிரு."

"அவிய யாருங்க?" என்றாள், மரியாதையாக.

மறுபடி சொன்னார். மறுபடியும் சொன்னார். குரல் உயர்ந்ததும் தன் கை அவள் தோளைப் பிடித்து உலுக்கியதும் அவருக்கே தெரியவில்லை. அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி, "ஆத்தா, அடிக்கறாங்க ஆத்தா," என்று கத்தினாள்.

பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிய கையோடு ஓடிவந்தாள். அவர்கள் சபையைச் சேர்ந்தவளில்லை, மாரியம்மனுக்கு விரதமிருந்துகொண்டிருந்தவள். அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு கிருபையம்மாளின் தலையை மடியில் சாய்த்து, தவிட்டுக் கையை விலக்கிப் புறங்கையால் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை விசும்பலாகி, விசும்பல் மூச்சாகியது.

"ஊட்டுக்குத்தானுங்க கேக்கறாங்க. ஒருக்கா கூட்டிட்டுத்தான் போங்களேன்."

"அங்க ஊடு இல்லெ சென்னி. தண்ணி நிக்குது."

"அந்தத் தண்ணியவாச்சும் காட்டுங்க."

சனிக்கிழமை விடியலில் ஜெபக்கூடத்துச் சாவியைச் சபை மூப்பரிடம் கொடுத்தார். நாளைக்கு ஆராதனையை யார் நடத்துவதென்று மூப்பர் கேட்டார். தெரியவில்லை என்றார் உபதேசியார். பஸ்ஸில் சேலம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மேட்டூர் தாண்டி நீர்த்தேக்கத்துக் கரையோரம் இறங்கினார்கள். வழியெல்லாம் அவள் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, பனைமரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தரமும் அவர் ஆமென்றார்.

கரை முடிந்த இடத்திலிருந்து எதிரே மலையடிவாரம் வரைக்கும் தண்ணீர். ஆடிக்காற்றில் செம்மண் நிறத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது. வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பரிசல்காரனிடம் ஊரின் பெயரைச் சொல்லி விசாரித்தார். அவன் நிமிராமலேயே தண்ணீருக்கு நடுவில் கையைக் காட்டினான். "அங்கதானுங்க. கோடையில வந்தா ஒரு கல்லுக்கம்பம் தலை காட்டும். இப்ப ஒண்ணுமில்லீங்க."

கிருபையம்மாள் அவன் காட்டிய திசையைப் பார்த்தாள். பிறகு உபதேசியாரைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று காத்திருந்தார். ஜெபிக்கப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தேடாமலே வந்து நின்ற சொற்களில் ஒன்றும் வரவில்லை. மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்லலாம். யாரிடம் சொல்வது? அவர் சொல்ல வேண்டியவள் இந்த உடம்பைவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தாள். இது யாரோ பெற்ற குழந்தை.

அவள் நீரோரம் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். "எங்காத்தா இங்கதான் வரும். நான் இருந்துக்கறனுங்க." அவர் இன்னும் நிற்பதைப் பார்த்து, வழித்துணைக்கு வந்த அந்நியரிடம் பேசுவதுபோல, "நீங்க போங்க. உங்களுக்கு நேரமாவுமுங்க," என்றாள்.

"எனக்கு ஒரு வேலையும் இல்லெ சாமி."

முழங்கால் வலியோடு மெல்ல மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, தன் முந்தானை நுனியை எடுத்து அவருடைய மேல்துண்டின் நுனியோடு சேர்த்து முடிச்சுப்போட ஆரம்பித்தாள். முடிச்சு நழுவியது. மறுபடியும் போட்டாள்.

"எதுக்கு சாமி?"

"கஞ்சிக்கு நிக்கறப்ப எங்காத்தா இப்படித்தானுங்க முடிஞ்சு வெப்பா. கூட்டத்துல தொலைஞ்சு போகாம."

பரிசல்காரன் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மேலே சாலையில் சேலம் போகிற பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சை இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலை ஒன்று ஏறிவந்து நான்கு பாதங்களையும் நனைத்துவிட்டு இறங்கிப்போனது.