நவம்பர் ஒன்று, ஒன்பதாம் வகுப்பு, மிதத்தல்

நான் எடுத்த வகுப்புகளிலேயே ஆகச் சிறந்தது நவம்பர் ஒன்றாம் தேதி எடுத்ததுதான். இதை நான் சொல்லவில்லை. எங்கள் பி.எட். கல்லூரிப் பேராசிரியர் சிவராமன் சார் சொல்கிறார். என் பயிற்சிப் பதிவேட்டில் பச்சை மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்: "மாணவர்கள் முழு அமைதியுடன் கவனித்தனர். வகுப்பறைக் கட்டுப்பாடு மிகச் சிறப்பு. பத்துக்குப் பத்து."

அமைதியைப் பற்றி அவர் எழுதியதில் பொய்யே இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. புதுச்சேரி விடுதலை நாள், காரைக்கால் முழுக்க விடுமுறை. நான் குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் மழைக்கு இதமாக வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்களோ, எனக்குத் தெரியாது.

எங்கள் கல்லூரி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. நான் பயிற்சிக்குப் போனது இந்தப் பக்கம், பட்டினச்சேரி மீனவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவே ஒரு சோதனைச் சாவடி மட்டும்தான் இருக்கிறது என்று கல்லூரியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறைப் பட்டியலும் வேறு என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நாற்பது வகுப்பு, நாற்பது தேதி, எந்தத் தேதியில் எந்தப் பாடம் என்று அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டார்கள்.

"சார், நவம்பர் ஒண்ணு எங்களுக்கு லீவு சார்," என்றேன்.

"நமக்கு இல்லையேம்மா," என்றார் சிவராமன் சார்.

"பள்ளிக்கூடம் அங்கதான சார் இருக்கு."

"இதப் பாரு சுகிர்தா, நாப்பதுன்னா நாப்பது. முப்பத்தொம்பது இருந்தா யுனிவர்சிட்டில திருப்பி அனுப்பிருவாங்க. ஒனக்காகத் தேதிய மாத்துனா எல்லாரு ரெக்கார்டையும் மாத்தணும். பேசாம எழுதும்மா."

பேசாமல் எழுதினேன். தலைப்பு, மிதத்தல். பாடத்திட்டத்தில் 'மாணவர் செயல்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. அன்றைக்கு வராத பிள்ளைகள் சொன்ன பதில்களை அதில் நிரப்பினேன். ஒரு பதில்கூடத் தப்பில்லை. அப்படிப்பட்ட வகுப்பு எனக்கு அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை.

விதிப்படி சிவராமன் சார் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். நான்கு மாதத்தில் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் தலைமையாசிரியர் அறையில் டீ, மெதுவடை, எதிரே எங்கள் பதிவேடுகள். ஒரு வடை முடிவதற்குள் பத்து வகுப்புகளை மேற்பார்வை செய்துவிடுவார். வடை எண்ணெய் பட்ட பக்கங்களை மட்டும் அவர் உண்மையிலேயே தொட்டார் என்று நம்பலாம்.

மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. ஆனால் அதைவிட எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. யாராவது ஒரே ஒரு முறை என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான் இந்த வேலைக்கு ஆவேனா மாட்டேனா என்று சொல்ல வேண்டும். இரவல் புடவையும் சாக்பீஸ் டப்பாவுமாக நாள்தோறும் உள்ளே போய், நடத்துவது சரியா தப்பா என்றே தெரியாமல் வெளியே வருவது பயமாக இருந்தது. சாரிடம் கேட்டும் பார்த்தேன்.

"ஒரு கிளாஸ் மட்டும் வந்து பாருங்க சார்."

"வரேம்மா, வரேன்," என்றவர் மழைக்கு முன் ஊர்போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஒன்றாம் தேதிப் பாடத்தை நிஜமாகத் திங்கட்கிழமைதான் நடத்தினேன். இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு முட்டை, ஒரு பொட்டலம் உப்பு. நான் முட்டையை எடுத்ததுமே இரண்டாவது வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"போன வருஷம் வந்த மிஸ்ஸும் முட்டைதான் கொண்டாந்தாங்க மிஸ்," என்றாள் பாரதிப்ரியா. "நல்ல தண்ணில முழுவும், உப்புத் தண்ணில மெதக்கும். அதான மிஸ்?"

அதேதான். நாற்பது நிமிடப் பாடத்தை நான்கு விநாடியில் முடித்துவிட்டாள். நான் முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அத்தோடு விட்டாளா? இல்லை.

"மிஸ், எங்கப்பா விசைப்படகுல போறாரு. மழைக்காலத்துல கடல்லேருந்து மீனோட ஆத்து முகத்துவாரத்துக்குள்ள வந்தா, படகு ரெண்டு வெரலளவு தாழுதுங்கிறாரு. புதுசா ஒண்ணும் ஏத்தலயே, அதே மீன்தான. ஏன் மிஸ் தாழுது?"

எனக்குத் தெரியவில்லை. காது சூடாகிவிட்டது. "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல. உக்காரு!" என்று கத்தினேன். 'சரிங்க மிஸ்' என்று உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மணி அடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

குரும்பகரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. கடலில் உப்பு, மழை வெள்ளம் வரும் ஆற்றில் நல்ல தண்ணீர். அவள் கேட்ட கேள்விக்கான பதில், நான் கத்தியபோது என் மேஜைமேல் டம்ளருக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது. வெட்கத்தில் அந்த முட்டையை வீட்டுக்குப் போய்ச் சமைக்கக்கூட மனம் வரவில்லை.

மறுநாள் மழையால் விளையாட்டு வகுப்பு இல்லை. அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"நேத்து பாரதிப்ரியா கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்லாம அவமேல கத்திட்டேன். தப்பு என்னோடது," என்றேன். பிறகு பாரதிப்ரியாவையே கூப்பிட்டு, முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கலக்கச் சொன்னேன். கலக்கக் கலக்க முட்டை தாழ்ந்தது.

"மிஸ், மழைத்தண்ணி! ஆத்துல உப்பு கம்மி, அதான் படகு தாழுது!"

முப்பத்தெட்டுப் பேரும் மேஜையைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். ஒரு டம்ளர் உடைந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார். வகுப்பறைக் கட்டுப்பாடு சுத்தமாக இல்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

பயிற்சியின் கடைசி நாளில் பாரதிப்ரியா ஒரு நோட்டுத் தாளை மடித்துக் கொடுத்தாள். பயிற்சிக்கு வரும் நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, பாடத்தைக் கவனிக்காமலேயே ஒருவர் வகுப்புக்கு ஒருவர் 'மிக நன்று' என்று மதிப்பீட்டுத் தாள் நிரப்புவதை வருஷா வருஷம் பார்க்கிற பிள்ளை. அதே மாதிரி கட்டம் போட்டு எழுதியிருந்தாள்:

"திங்கக்கிழமை கத்துனது நல்லா இல்ல. செவ்வாக்கிழமை தெரியலன்னு சொன்னாங்க, அது நல்லா இருந்துச்சு. இதுவரைக்கும் எந்த மிஸ்ஸும் சொன்னதில்ல. போர்டுல எழுத்து கீழ சரியுது. பத்துக்கு ஆறு."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து நவநீதன் என்ற தேர்வாளர் வந்தார். பக்கத்திலேயே சிவராமன் சார்.

"ஒங்களோட சிறந்த வகுப்பு எதும்மா?"

"செவ்வாக்கிழமை எடுத்தது சார், நவம்பர் முதல் வாரத்துல."

பதிவேட்டைப் புரட்டினார். "அந்தத் தேதில வகுப்பே இல்லையே. பதிவேட்டுல இல்லன்னா நடக்கலன்னுதான் அர்த்தம். இந்தா இருக்கு பாருங்க, ஒண்ணாந்தேதி, பத்துக்குப் பத்து."

"அன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவு சார்."

சிவராமன் சார் முகம் வெளிறிப்போனது. இரண்டு வருஷப் படிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும் என்றுதான் நினைத்தேன். நவநீதன் சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார்: "விடுமுறை நாளிலும் சிறப்பு வகுப்பு எடுத்த அர்ப்பணிப்பு பாராட்டுக்குரியது."

கல்லூரியில் நான்தான் முதல் மதிப்பெண். "சுகிர்தா, ஒன் ரெக்கார்ட குடுத்துட்டுப் போம்மா. ஜூனியருங்க பாத்து எழுதட்டும்," என்றார் சிவராமன் சார். அடுத்த வருஷத் தேதிப் பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. நவம்பர் ஒன்று, ஒன்பதாம் வகுப்பு, மிதத்தல்.

கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தின் அடியில், பார்த்து எழுதப்போகும் பெண்ணுக்காகப் பென்சிலால் எழுதினேன்: "அன்றைக்கு லீவு, பள்ளிக்கூடத்துக்குப் போகாதே. வேறொரு நாள் போ. பட்டினச்சேரிப் பிள்ளைகள் படகைப் பற்றிக் கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அதற்கு ஆறு மதிப்பெண் கொடுப்பார்கள்."