பத்தொன்பதாம் பக்கத்தில் அடித்த வரி

1

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு கையேட்டிலிருந்துதான் இந்தக் கதை வந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழமை மாறாத ஒரு கிராமத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கான வழிகாட்டி அது. கூரை எவ்வளவு சரியலாம், ஜன்னல் எவ்வளவு உயரலாம், சுவருக்கு என்ன நிறம் என்று நாற்பது பக்கம். எங்கும் ‘நல்லது’, ‘பொருந்தும்’ என்று பதமாகப் பேசிய கையேடு, பத்தொன்பதாம் பக்கத்தில் மட்டும் குரலை உயர்த்தியிருந்தது: ‘கிணற்றுத் தெருவின் கிழக்கு முனையில் மாடி எழுப்பக் கூடாது.’ அந்த வரியை யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள்.

எழுதியது யார், அடித்தது யார்? எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

2

‘காலை வெயிலில் கிராமம் ஓவியம்போல்…’

(வேண்டாம். ஓவியம்போன்ற கிராமத்தில் யாரும் துணி காயப்போடுவதில்லை.)

ஊர் மன்ற அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள் ஒருத்தி. எல்லாருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. மூன்று வருடம் வீடு வீடாக நாடா பிடித்து அளந்து, கையேட்டை எழுதியவள் அவள்தான். ஒப்புதல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அச்சுப் பிரதிகள் வந்தன. ஒன்றை எடுத்துப் பத்தொன்பதாம் பக்கத்தைப் பிரித்தாள். அந்த வரி அங்கே இருந்தது.

கிழக்கு முனையில் காலியாக இருப்பது ஒரே ஒரு மனை, அவள் தங்கையுடையது. அகலம் பதினாறடிதான். கீழே தையல் கடை, மேலே வீடு என்பது தங்கையின் திட்டம். மாடி இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளும் தையல் மிஷின்களுக்கு நடுவேதான் படுக்க வேண்டும். மனைக்குப் பின்னால் மன்றத் தலைவரின் வீடு. அவருடைய மாடிக்குக் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது.

3

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று டைப்பிஸ்ட்டிடம் கேட்டாள். அவர் கைப்பிரதியை எடுத்து நீட்டினார். பக்கத்தின் ஓரத்தில் அந்த வரி, வரைபடங்களில் எழுதுகிற கட்டை எழுத்தில்.* அதற்குக் கீழே அவள் கையெழுத்து.

* அந்த எழுத்தை யார் எழுதினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே அதைப் பயின்றவர்கள் இருவர்: ஸ்கேல் அக்கா, அவளுக்கு முன் அதே நாற்காலியில் இருந்துவிட்டுத் தலைவரானவர்.

தலைவர் அவளை உட்காரச் சொன்னார். தெருவின் அழகு எல்லாருக்கும் பொது என்றார். எழுதியது யார் என்று அவள் கேட்டதற்குச் சிரித்தார்.

“எழுத்த விடும்மா. கையெழுத்து உன்னுதுதானே?”

இங்கே என் பேனா நின்றுவிட்டது. இரண்டாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். நாற்பது பக்கத்தில் அவள் ஏன் நேராகப் பத்தொன்பதைப் பிரித்தாள்? எழுதியது நான்தான், ஆனாலும் யோசித்து எழுதவில்லை. தலைவர்மேல் வைத்திருந்த சந்தேகத்தில் பாதியைப் பிட்டு அவள்மேல் வைத்தேன்.

4

சாயங்காலம் தங்கை வந்தாள். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“அத எழுதினது நீயாக்கா?”

“நான் எழுதல.”

தங்கை தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். சொன்னது உண்மைதான். ஆனாலும் அன்றைக்குச் சமைத்த சோற்றை அக்கா அப்படியே மூடி வைத்தாள்.

5

கூட்டத்தில் தலைவர் பக்கம் பக்கமாக ஒப்புதல் கேட்டுக்கொண்டே போனார். பத்தொன்பது வந்ததும் ஸ்கேல் அக்கா எழுந்தாள்.

“அந்த வரிய நான் எழுதல. ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்.” பிறகு தங்கையைப் பார்த்தாள். “அம்மா அந்த மனைய உனக்குக் குடுத்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மாடி வராமலே போகட்டுமேன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்.”

தங்கை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள், வரியை நீக்குவது என்று முடிவாயிற்று. அச்சடித்த பிரதிகளை எல்லாம் அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தாள். தலைவர் தன் பிரதியைத் தானே அடித்துக்கொண்டார். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

6

வீடு எழும்பியது, மாடியோடு. கூரைச் சரிவு கையேட்டில் சொன்னபடியே. ஆனால் வரைபடம் போட்டது வேறொருவர். அக்கா தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் தங்கை மேல் ஜன்னலில் நின்றிருந்தாள்.

ஒரு முடிவில், “மேல வாக்கா” என்கிறாள். இன்னொன்றில் ஜன்னலைச் சாத்துகிறாள். முதலாவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. இரண்டாவதை எழுதக் கை…

ஜன்னலில் நிற்பது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கூப்பிடுவீர்களா? அவசரமாக ‘ஆமாம்’ என்று சொன்னால் உங்களையும் நான் நம்பமாட்டேன்.