தலை ஆடியில் நின்ற சர்வர்

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ஆடி மாதம் இரண்டாம் தேதி காலை, சங்ககிரியில், சரவணமுத்து லாரி சர்வீஸின் டேட்டாபேஸ் சர்வர் உலகத்தோடு தனக்கிருந்த தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. உலகம் என்பது இங்கே முன்னறையில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்கள்.

மூன்றையும் அணைத்து, போட்டு, மறுபடி அணைத்துப் பார்த்த புக்கிங் கிளார்க் வீரபாகு, முதலாளியிடம் போய் நின்றார்.

"மூணும் ஒரே பேச்சைத்தாங்க பேசுது. சர்வர் கெடைக்கலையாமா."

"கெடைக்கலைன்னா? அந்த ரூம்லதானே இருக்குது?"

"நமக்குக் கெடைக்குதுங்க. அதுகளுக்குத்தான் கெடைக்கலையாமா."

சரவணமுத்து எழுந்தார். ஒன்பது லாரிக்குச் சொந்தக்காரர். ஆனால் சங்ககிரியில் லாரி வைத்திருப்பது ஒரு பெருமையா? கல்லை விட்டெறிந்தால் லாரிக்காரர் தலையில்தான் விழும். சர்வர் வைத்திருப்பவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். அதற்குத் தனி அறை, தனி ஏசி, கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகை. அனுமதி பெற்று உள்ளே வந்தவை இரண்டு தார்ப்பாய், நான்கு ஸ்டெப்னி டயர், ஒரு மூட்டை கயிறு. சர்வருக்கு வாங்கிய ஏசியை இவையும் சேர்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தன.

சரியாக அந்த நேரத்தில், தோளில் பையோடு, சவ ஊர்வலத்தில் கடைசியாக நடப்பவன் போல மாடிப்படி இறங்கி வந்தான் கௌதமன்.

கௌதமன் அந்த வீட்டு மாப்பிள்ளை. வைகாசியில்தான் கல்யாணம். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். மாப்பிள்ளையை முதல் நாள் அழைத்து, வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, மூக்கு முட்டச் சோறு போட்டு, மறுநாள் தனியாக அனுப்பிவிடுவார்கள். ஆடி முடிந்த பிறகுதான் பெண் வருவாள். முதல் நாள் சாயங்காலம், ஆடிப்பிறப்பு வழக்கப்படி தெருவே கூடித் தேங்காயைக் குச்சியில் செருகி நெருப்பில் சுட்டபோது, ஒரே குச்சியின் இரண்டு ஓரத்தை அவனும் கிருத்திகாவும் பிடித்திருந்தார்கள். அந்த அழைப்பில் அவர்களுக்குக் கிடைத்த தனிமை அவ்வளவுதான். அதிலும் புகை, இருமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டு.

"மாப்ள, பஸ்ஸுக்கு அவசரங்களா?" என்றார் சரவணமுத்து.

"இல்லீங்க மாமா."

இவ்வளவு வேகமாக ஒரு பதில் அந்த வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

"நம்ம சர்வர் நின்னுபோச்சுங்க. நீங்க பெங்களூர்ல இதத்தான பாக்கறீங்க?"

இதைத்தான் பார்க்கிறான். இரண்டு வரி நீளமுள்ள பதவிப் பெயர், அதன் நடுவில் 'டேட்டாபேஸ்' என்ற சொல், போன வருடம் கம்பெனி கொடுத்த கண்ணாடி விருது ஒன்று. நாலாயிரம் சர்வர்கள் அவன் கண்ட்ரோலில் இருந்தன. எந்த நாட்டில் இருந்தன என்று அவனுக்குத் தெரியாது. ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

"அஞ்சு நிமிஷ வேலைங்க மாமா" என்றான். பையை இறக்கும்போதே, அரை நாளாவது இழுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தான்.

அறையில் நாற்காலி இல்லை. சர்வருக்கு எதிரே கிடந்த ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்தான். திரையின் இடது மூலையில் விபூதிப் பட்டை. வலது மூலையில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்பளம் போலக் காய்ந்து ஒட்டியிருந்தன.

சர்வரிலேயே டேட்டாபேஸைத் திறந்து பார்த்தான். திறந்தது. ஒன்பது லாரியும் அவற்றின் அத்தனை லோடும் பத்திரமாக உள்ளே இருந்தன. முன்னறையிலிருந்து கேட்டால் மட்டும் பதில் இல்லை. ஆக, வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார், கதவைத் தட்டினால் திறப்பதில்லை. அவன் தொழிலில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் மேல் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்பட்டான். அதை அணைத்தான். பதில் இல்லை. தகவல் நுழையும் வாசலான போர்ட்டைப் பார்த்தான், சரியாக இருந்தது. சர்வருக்கு நெட்வொர்க் முகவரியே இல்லை என்று தெரிந்தது. ஒன்று கொடுத்தான். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தான். வேலையை இழுக்க வேண்டும் என்று உட்கார்ந்தவன், இப்போது நிஜமாகவே வியர்க்கத் தொடங்கினான். அந்த ஏசியில்.

கிருத்திகா டீ கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அந்த முன்னறையில் புக்கிங் பார்த்தவள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, அர்த்தமாகச் சிரித்தாள்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேதான் இருக்கேன். ஃபயர்வால்னு நெனச்சேன், இல்ல. டிரைவரா இருக்கும்."

"டிரைவரா? டிரைவரெல்லாம் வெளிய நிக்கறாங்க."

"அந்த டிரைவர் இல்ல, கிருத்தி."

அவள் சிரிப்பு மெல்ல இறங்கியது. ஏதோ சொல்ல வந்தாள். "கிருத்தி, எங்க போய்ட்ட?" என்று மாடியிலிருந்து அம்மா சௌந்திரத்தின் குரல் வர, போய்விட்டாள்.

அடுத்து மோர் வந்தது. அப்போது அவன் நெட்வொர்க்கை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தான். அதற்கடுத்து முறுக்கு வந்தது. அப்போது சர்வரையே முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அதைச் சத்தமாகவும் யோசித்துவிட்டான்.

கிருத்திகா முறுக்குத் தட்டைத் தார்ப்பாய் மேல் வைத்தாள்.

"ஏனுங்க, நெசமாவே உங்களுக்குத் தெரியலையா? இல்ல, தெரியாத மாதிரி நடிக்கறீங்களா?"

"என்ன தெரியல?"

"கடவுளே. இதுக்கா உங்களுக்கு அவார்டு குடுத்தாங்க?"

"கிருத்தி, இது லோக்கல் சர்வர். இதோட ஆர்க்கிடெக்சரே வேற..."

"எந்திரிங்க."

"என்ன?"

"டயர உட்டு எந்திரிங்கங்கறேன்."

எழுந்தான். டயரின் நடு ஓட்டைக்குள், சுருட்டி வைத்த ஒரு நீல நெட்வொர்க் கம்பி இருந்தது. ஒரு முனை சர்வரின் முதுகிலிருந்து வந்தது. சுவரிலிருந்த பெட்டியில் சொருகியிருக்க வேண்டிய மறுமுனை, சொருகாமல் இருந்தது. அந்த முனையில் பச்சை ரப்பர்பேண்ட் ஒன்று சுற்றியிருந்தது. தலைமுடிக்குப் போடுவது. கல்யாணமான முதல் வாரம் மல்லேஸ்வரத்தில் அவன் வாங்கிக் கொடுத்தது.

காலை முழுக்க அதன் மேல்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் விரலால் திரையின் மூலையிலிருந்த குங்குமத்தைச் சுரண்டினாள். கம்பி சொருகவில்லை என்று காட்டும் சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி, குங்குமத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"ரப்பர்பேண்டைப் பாத்ததும் புரிஞ்சுக்குவீங்க, சிரிச்சுக்கிட்டே ரெண்டு நாள் இழுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "நீங்க என்னடான்னா எங்கப்பா சர்வரையே அழிக்கப் பாக்கறீங்க."

"எங்க ஆபீஸ்ல கம்பியே கெடையாது, கிருத்தி."

"பெருமையாச் சொல்லிக்குங்க."

அவன் கம்பியை எடுத்துச் சுவரை நோக்கிப் போனான். பழக்கதோஷம். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பெங்களூரு பஸ்ஸு எப்போ?"

"மத்தியானம் ஒன்னு இருக்குது."

"இந்த ரிப்பேரு எப்ப முடியும்?"

மென்பொருள் துறையில் அவன் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ வேலைக்கு எத்தனையோ கெடு சொல்லியிருக்கிறான். ஒன்றும் பலித்ததில்லை. முதன்முறையாக, தெளிவாக, நம்பிக்கையோடு ஒரு கெடு சொன்னான்: "நாளன்னைக்குக் காலைல."

கதவு திறந்தது. கிருத்திகா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டாள். கௌதமன் கம்பியை டயருக்குள் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான்.

"என்னாச்சுங்க மாப்ள?" என்றார் சரவணமுத்து.

"நெட்வொர்க் லேயர்ல டீப்பா ஒரு இஷ்யூ இருக்குதுங்க மாமா. ரூட் காஸ் அனாலிசிஸ் பண்ணணும்."

சரவணமுத்து மெதுவாகத் தலையாட்டினார். சர்வரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு டயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாப் பண்ணுங்க. அவசரமேயில்ல. வீரபாகு கையிலயே லோடுச் சீட்டு எழுதிட்டிருக்கான். கம்ப்யூட்டர விட வெரசலா எழுதறான்." கதவு வரை போய்த் திரும்பினார். "வேணும்னா நாற்காலி போடச் சொல்லட்டுங்களா? இல்ல, டயருதான் சௌகரியமா?"

"டயரே போதுங்க மாமா."

"அதுஞ்சரி."

சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கம்பெனிக்குப் போன் போட்டு, குடும்ப நெருக்கடி என்று இரண்டு நாள் விடுப்பு சொல்லியிருந்தான். சௌந்திரம் இடியாப்பம் போன்ற சந்தகையைத் தட்டில் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்னமோ போங்க, இந்த ஊட்டுக்கும் ஆடிக்கும் அப்படியொரு ராசி. இவரு தலை ஆடிக்கு எங்க ஊட்டுக்கு வந்தாரு, லாரியிலயே. மறுநாளு கெளம்பலாம்னா லாரி நவுரல. மூணு நாளு. மேச்சேரியிலருந்து மெக்கானிக்கு வந்து பாத்துப்போட்டு, டீசல் பைப்ப யாரோ கழட்டி வச்சிருக்காங்கன்னு சொன்னாரு."

சரவணமுத்து தேங்காய்ப்பாலில் மிகுந்த அக்கறை காட்டினார்.

"யாருங்கத்தை கழட்டுனது?" என்றான் கௌதமன்.

"யாருக்குத் தெரியுஞ்சாமி? எங்கப்பாவும் கடைசி வரைக்கும் கேக்கல. இன்னொரு சந்தகை வைக்கட்டுங்களா?"

கிருத்திகாவுக்குப் புரையேறியது. அவள் தலையைத் தட்டக் கௌதமன் எழுந்தபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொன்ன கெடுப்படி நான்காம் தேதி காலை சர்வர் சரியானது. மாப்பிள்ளை தனியாகத்தான் பஸ் ஏறினான். பச்சை ரப்பர்பேண்ட் அவன் சட்டைப்பையில் போனது.

பத்தாம் தேதி விடிந்ததும் விடியாததுமாகச் சரவணமுத்து பெங்களூருக்குப் போன் போட்டார். "மாப்ள, சர்வர் இன்னைக்கு மறுபடி நிக்கும்போலத் தெரியுதுங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்." இன்னும் நிற்காத சர்வர் நிற்கப்போவது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. மேலாளரிடம் அபாயம், அவசரம், தரவு இழப்பு என்று பெரிய சொற்களாக நான்கு சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, மத்தியானம் சங்ககிரியில் இறங்கினான். நேராகச் சர்வர் அறைக்குப் போய், நான்கு டயரையும் புரட்டிப் பார்த்தான். கம்பி சுவரில் ஒழுங்காகச் சொருகியிருந்தது. வாசலில் நின்ற கிருத்திகா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"சத்தியமா நான் ஒன்னும் பண்ணலீங்க."

முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தபடி, அன்றைக்குச் சங்ககிரியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை கரண்ட் இல்லை.