பாதி தேய்ந்த டயர்கள்

வருடத்துக்கு ஒருமுறை அண்ணன் அவள் வீட்டுக்கு வருவார். ஐந்து மணி நேரப் பயணம். வண்டிக்குள் நான்கு தேய்ந்த டயர்கள் இருக்கும்.

இருவரிடமும் ஒரே ரகக் கார். அண்ணனுடையது குடும்பத்தைச் சுமந்தது. அவளுடையது விடுமுறை நாட்களில் பந்தயத் தளத்தில் ஓடியது. கட்டணம் கட்டினால் யாரும் தங்கள் காரை அங்கே ஓட்டலாம். புது டயர் அதற்கு ஒத்துவராது. டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருப்பதால் திருப்பங்களில் ரப்பர் நெளிந்து, சூடேறி, துண்டாகப் பிய்ந்துவிடும். பாதி தேய்ந்தது நெளியாது. உலர்ந்த தளத்தைக் கெட்டியாகப் பிடிக்கும்.

"பள்ளம் இன்னும் நாலு மில்லிமீட்டர் இருக்கு, வாலு. உனக்குன்னே தேய்ச்சு வச்சிருக்கேன்" என்பார் அண்ணன். சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புவார். அந்த ஒரு பகலுக்காக அவள் திரைச்சீலைகளைக்கூடத் துவைத்துப் போடுவாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்ச அடக்குங்க. சரி, விடுங்க." பல நாட்களில் அவள் வாயிலிருந்து வரும் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் அண்ணன் போன் செய்தார்.

"வாலு, கார மாத்திட்டேன். இதுல வீல் பெருசு. இந்த டயர் உனக்கு ஆகாது."

"அதனால என்னண்ணா, சும்மா வாங்க."

"வரேன், வரேன்."

வரவில்லை.

அவள் பழைய டயர் விற்கும் இடத்தில் நான்கு வாங்கினாள். பார்க்கப் பாதிதான் தேய்ந்திருந்தது. ஆனால் எட்டு வருடம் கிடந்து ரப்பர் இறுகிப்போயிருந்தது. மூன்றாவது சுற்றில் காரின் பின்பக்கம் வழுக்கி, வண்டி பம்பரமாய்ச் சுழன்று சரளைக்கல்லில் போய் நின்றது. அடி ஒன்றும் இல்லை. கொடி காட்டுகிறவர் ஓடிவந்தார்.

"கூட யாராவது வந்திருக்காங்களா? போன் பண்ணட்டுமா?"

யாரைச் சொல்வது என்று யோசித்தாள். "வேண்டாங்க" என்றாள்.

மறுவாரம் புது டயர் மாட்டினாள். தானே ஓட்டித் தேய்த்துக்கொள்ள முடிவுசெய்தாள். டயர்க்கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எல்லாரும் டயர் தேயுதேன்னு அழுவாங்க. நீங்க தேய்க்கிறதுக்கே வாங்குறீங்களே!"

வேலை முடிந்ததும் புறவழிச்சாலையில் போவாள், வருவாள். இருபதாயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டும். பெட்ரோல் போடுகிறவன் பழக்கத்தில் ஒருநாள், "தினமும் எங்க போறீங்க?" என்று கேட்டான். போவதற்கென்று ஓர் இடம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

கதவைத் திறந்த அண்ணி பதறிப்போனாள். "என்ன திடீர்னு? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணி. டயர் தேய்க்க வந்தேன்."

அண்ணன் வெளியே வந்தார். வழக்கம்போல் டயர் அருகே குனியப் போனவர், பாதியில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வலது காலை ஊன்றி, இடது காலை நீட்டிவைத்திருந்தார். இப்படி நிற்கிறவர்களை அவள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறாள்.

"முட்டி எப்பலேர்ந்துண்ணா?"

"ஒரு வருஷமா. கிளட்ச் மிதிக்க முடியல. அதான் கியர் இல்லாத வண்டி வாங்கினேன். அதுலயும் ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே படம் எடுக்கக் கூப்பிடுவ."

மூவரும் சிரித்தார்கள். ஒரு வருடமாக அவர் தன்னை மறந்துவிட்டார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

மதியம் அண்ணன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அண்ணியும் அசந்துவிட்டாள். சத்தம் போடாமல் சிறிது நேரம் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு அவள் கிளம்பினாள். அதன்பின் மாதம் ஒருமுறை போனாள். மற்ற நாட்களில் புறவழிச்சாலைதான்.

ஒன்றரை வருடத்தில் டயர் நான்கு மில்லிக்கு வந்தது. வெயில் நன்றாகக் காய்ந்த ஒரு காலையில் தளத்துக்குப் போனாள். கார் ஒவ்வொரு திருப்பத்திலும் கோடு போட்டதுபோல் திரும்பியது. இதுவரை அவள் ஓட்டியதிலேயே வேகமான சுற்று அன்றைக்குத்தான். இறங்கியதும் போன் செய்தாள். அண்ணி எடுத்தாள்.

"அண்ணன் முட்டியக் காட்ட டாக்டர் ரூமுக்குள்ள இருக்காரும்மா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லண்ணி. அப்புறம் பேசுறேன்."

சுற்றிலும் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கை தட்டினார்கள், வேறு யாருக்கோ. அவள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றுக்கு அழைப்பு வரும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.