ஈன்ற சுறாவின் ஈரல்

...இவ்வளவுதானா, இத்தனை பெரிய சுறாவுக்கு ஈரல் இவ்வளவுதானா என்று குணசுந்தரி வயிற்றை இன்னும் கொஞ்சம் கீறிப் பார்த்தாள், வேறெங்கும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, ரெண்டே மடல், அதுவும் கருத்து வதங்கி... நல்ல சுறாவென்றால் ஈரல் சந்தன நிறத்தில் வயிறு நிறையப் படுத்திருக்கும், தொட்டால் கையெல்லாம் எண்ணெய். இது குட்டி போட்ட சுறா. அவளேதான் பார்த்துப் பார்த்து எடுத்தாள், இன்று விடியுமுன்னே கிளம்பிப் போய்ப் பழவேற்காட்டு ஏலத்தில் நாலைந்து பால்சுறாக்களின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, தொளதொளவென்று இருந்த ஒன்றை. பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு ஆக்க ஈன்ற சுறாதான் வேண்டும், அப்போதுதான் பால் ஊறும் என்பது அவர்கள் கரையில் வழக்கம். பக்கத்தில் கூடையோடு நின்ற சின்னப்பொண்ணு விடவில்லையே, "இன்னாக்கா, ஸ்கேன் எடுக்கிறியா? ஆணா பொண்ணானு எனக்கும் சொல்லு"... சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினாள், பொன்னேரியில் மாறி, கும்மிடிப்பூண்டியில் ஒரு வாரமாகத் தங்கியிருக்கும் மகள் பூமிகாவின் வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்து சேரும்வரை ஐஸ் உருகிச் சேலையெல்லாம் நனைந்தது, அப்போதும் சிரிப்புதான்.

கத்தியைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் செங்கல்வராயன் சொல்வானே, எத்தனை சுறா வயிற்றைக் கீறியவன், "எல்லா சுறாவும் வருசா வருசம் ஈனாதுடி, ஈரல்ல சேத்து வச்ச கொழுப்பெல்லாம் குட்டிக்கே பூடுது, அப்பால ஒரு வருசம் துன்னுக்கினு சும்மா சுத்தும், ஈரல் ரொம்புனாதான் மறுபடியும் சூலு." அதுங்களாண்ட ஒக்காந்து கேட்டியாய்யா என்று கேலி செய்திருக்கிறாள். இப்போது உள்ளங்கையில் கிடக்கும் இந்த ஈரலைப் பார்த்தால்... எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் காலியாக வந்ததைத் தேடிப் பிடித்தா எடுத்துவந்தோம்? சீ, இதென்ன யோசனை, மீன் மீன்தான். துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்தாள். வெந்ததும் தோலை உரித்து, பிழிந்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் நிறையப் போட்டு வதக்க வேண்டும். பூமிகாவுக்கு மூன்று மாத லீவு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, காண்ட்ராக்ட் வேலை, திங்கள்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆளைப் போடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மருமகன் பாக்கியராஜிடம் போனில் ஜம்பமாகச் சொன்னது யார், "ஒரு வாரம் நான் புட்டு ஆக்கிப் போட்டா எழுந்து ஓடுவா பாரு மாப்ள, பாப்பாவ நான் பாத்துக்கிறேன்," இவள்தான். பூமிகா பிறந்த முப்பதாம் நாளே நான் மீன்கூடை தூக்கினேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள், பெருமையாக... பெருமைதானா அது? அன்றைக்குக் கரையில் கால் மடங்கி உட்கார்ந்ததை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? செவ்வாய்க்கிழமை பாத்ரூமில் பூமிகா சுவரைப் பிடித்துக்கொண்டு, "தல சுத்துதும்மா" என்றாள், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது, தெரியாமலா இருந்தது, அதற்கு இவள் கேட்டது, "பாப்பாவுக்குப் பால் குடுத்தியாடி?" வந்த நாளிலிருந்து அதுதானே, பால் வந்துச்சா, பால் போதுதா, ரெண்டு பக்கமும் குடிச்சுதா... வேறு என்ன கேட்டோம்? அடுப்பைத் தணித்துவிட்டு நினைத்து நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

பூமிகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள், கண்ணுக்குக் கீழே கருப்பு, வாயில் சிரிப்பு. "வாசன தூக்குதும்மா. இத துன்னா திங்கக்கெழமைக்குள்ள தேறிடுவேன்ல?" ஒரு வாரமாக இந்தக் கேள்விக்கு, தேறிடுவடி, நீ யாரு பொண்ணு, என்று பதில் தயாராக இருந்தது, இன்றைக்கு அதைத் தள்ளிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "எப்டிடி கீற?" என்றாள். பூமிகா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "நல்லாக்கீதும்மா. இப்பதான் குடிச்சுது. ரெண்டு பக்கமும்."

பாப்பாவ இல்லடி, ஒன்னத்தான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும், சொல்லலாம், ஆனால் சொன்னால் இவள் உண்மையைச் சொல்லிவிடுவாளே, முடியலம்மா என்று சொல்லிவிட்டால் திங்கள்கிழமைக்கு என்ன பதில்... குணசுந்தரி குழந்தைக்காகக் கையை நீட்டினாள், பூமிகாவோ தோளிலிருந்து இறக்காமல், இருக்கட்டும்மா என்று, இன்னும் ஏதாவது கேட்பாளா என்பதுபோல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.