அலோசியஸ் கேட்ட கேள்வி

புருஷன் அலோசியஸின் வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள் சுகிர்தம். விறைத்த கழுத்து இடம் கொடுக்கவில்லை. அந்நேரம்தான் மகள் பெற்றீசியா தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த முகம். சவப்பெட்டியைக் கண்டதும் கைப்பை தோளிலிருந்து நழுவியது.

"ஒரு வாரமா படுத்துக் கெடந்தாராமே. ஏம்மா எனக்குச் சொல்லியனுப்பல?"

"அப்பாதான் வேணாம்னாரு. நீ பாதியில எந்திரிச்சு வந்தா ஆய்வுகூடத்துல வளக்கிற அந்த எலி ஈரல் கலமெல்லாம் செத்துப்போயிருமாம். இத்தனை மாச ஆராய்ச்சியும் வீணாப்போயிரும்னாரு."

தலைமாட்டில் இருந்த சிசிலி, செத்தவரின் அக்காள், மூக்கைச் சிந்தினாள். "எலியோட ஈரலு சாகக்கூடாதாம். பெத்த அப்பன் சாகலாமாம். இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைய கெம்பஸுக்கு அனுப்புனானா?"

பெற்றீசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுகிர்தத்துக்குச் சுருக்கென்றது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டிய மனுஷன், கிறிஸ்மஸ் லீவில் மகளை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டது அவளுக்கும் மனப்பாடம். கடல் மீனில் பாதரசம் சேர்கிறது. அது உடம்பின் கலங்களைக் கொல்லும். அதே மீனின் எண்ணெய் கலங்களுக்கு நல்லது. இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் எது ஜெயிக்கும்? டின்மீன் விற்கும் அன்ஸார் முதலாளியிடமே போய், "இத எம் மகதான் கண்டுபிடிக்கப்போறா" என்று சொல்லிவிட்டு வந்தவர். நேற்று மூச்சு இழுத்தபோதும் அதையேதான் கேட்டார்.

"மதினி, இவள அனுப்பினது அவரு. வராதன்னு சொன்னதும் அவரு" என்றவள், மகளிடம் திரும்பினாள். "முடிஞ்சிச்சா புள்ள?"

"முந்தாநாளு முடிஞ்சிச்சும்மா."

"அப்ப அவருகிட்டச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

பெற்றீசியா பெட்டியோரம் போய் நின்றாள்.

"அப்பா... மீனெண்ணெயில உள்ள கொழுப்பமிலத்தக் கலங்களுக்கு மொதல்லயே குடுத்தோம். அது கலத்தச் சுத்தியிருக்கிற சவ்வுல போய்ச் சேர்ந்துக்கிச்சு. பொறவுதான் பாதரசத்த விட்டோம். எண்ணெய் குடுக்காத கலம் பாதிக்கு மேல செத்துப்போச்சு. குடுத்ததுல நெறைய தப்பிச்சிச்சு. எல்லாம் தப்பிக்கலப்பா. பாதரசம் கூடுனா எண்ணெயும் தோத்துப்போகுது. எப்பிடிக் காப்பாத்துதுன்னு எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியல."

"தெரியாததையும் மறைக்காமச் சொல்றா பாருங்க" என்றாள் சுகிர்தம், அலோசியஸின் காலரை நீவிவிட்டபடி.

ஜெபப் புத்தகத்தை விரித்திருந்த உபதேசியார் விரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டார். சிசிலி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையை மருமகள் பக்கம் காலால் தள்ளினாள்.

"நின்னுக்கிட்டே சொல்லாத. உக்காந்து மொதல்லருந்து சொல்லு. வெளங்கலன்னா எந் தம்பி விடமாட்டான்."

பெற்றீசியா உட்கார்ந்தாள். வாசலில், பெட்டி தூக்க வந்தவர்கள் மழைக்குப் போர்த்தியிருந்த ஈரக் கம்பளிகளை மடித்துப் போட்டுக்கொண்டு படியில் அமர்ந்தார்கள்.